காற்றை ஏமாற்றிய கார்

1934-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. செக்கோஸ்லோவாகியா நாட்டின் தலைநகரான பிராக் நகரத்தில் ஒரு புதிய கார் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. வந்திருந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கார்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் சுவர் போல ஒரு ரேடியேட்டர் நிமிர்ந்து நிற்கும். அதன் இரு பக்கமும் பெரிய விளக்குகள் துருத்திக்கொண்டு இருக்கும். ஆட்கள் உட்காரும் இடம் ஒரு சதுரப் பெட்டி. குதிரை வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைக் கட்டியது போலத்தான் இருக்கும்.

இந்தக் காரில் அந்தச் சுவர் இல்லை. முகப்பு தாழ்ந்து, உருண்டு, வழவழப்பாக இருந்தது. கூரை நடுவில் உயர்ந்து, பின்பக்கம் சரிந்து சரிந்து மீன் வால் போல முடிந்தது. முதுகின் நடுவே சுறாமீனுக்கு இருப்பது போல ஒரு துடுப்பு. முன்மூடியைத் திறந்தால் அங்கே எஞ்சின் கிடையாது. எஞ்சின் பின்னால், பின்சக்கரங்களையும் தாண்டி, வால் பக்கத்தில் இருந்தது.

பிராக் நகரத்திலிருந்து கார்லோவி வாரிக்குப் போகும் சாலையில் அதை ஓட்டிக் காட்டினார்கள். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் அது பறந்தது. அதன் எஞ்சின் சக்தி சுமார் 60 குதிரை சக்திதான். அவ்வளவு பெரிய காரை அந்தச் சின்ன சக்தி எப்படி அத்தனை வேகமாகத் தள்ளியது என்பதுதான் அதிசயம்.

காரின் பெயர் டாட்ரா 77. அதை உருவாக்கிய கூட்டத்துக்குத் தலைவர் ஹான்ஸ் லெட்விங்கா. அப்போது அவருக்கு வயது 56.

மோட்டார் உலகத்தில் பெரிய பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் ஹென்றி போர்டு என்பார்கள், பென்ஸ் என்பார்கள், போர்ஷே என்பார்கள். லெட்விங்காவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் உலகமெங்கும் 2 கோடிக்கு மேல் ஓடிய ஒரு காரைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்தக் காரை அவர் கட்டவில்லை. அதுதான் அவருடைய கதை.

பத்தொன்பது வயதில் வேலை

லெட்விங்கா 1878-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி பிறந்தார். ஊர், வியன்னாவுக்குப் பக்கத்திலுள்ள கிளாஸ்டர்நாய்பர்க். அப்போது ஆஸ்திரியா, ஹங்கேரி, செக் நாடு எல்லாம் ஒரே சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தன.

சாதாரண மெக்கானிக்காகத்தான் அவர் வாழ்க்கையைத் தொடங்கினார். பிறகு வியன்னாவில் தொழிற்கல்வி கற்றார். 1897-ல், 19-வது வயதில், மொராவியா மாகாணத்தில் நெஸல்ஸ்டார்ப் என்ற சிற்றூரில் இருந்த ஒரு வண்டித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அந்த ஊரைச் செக் மொழியில் கொப்ரிவ்நிட்சே என்பார்கள். 1850-ல் ஷுஸ்டாலா என்பவர் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய பட்டறை அது. வளர்ந்து வளர்ந்து ரெயில் பெட்டி செய்யும் கம்பெனி ஆகியிருந்தது. இளைஞர் லெட்விங்காவுக்கும் முதலில் கிடைத்தது ரெயில் பெட்டி வேலைதான்.

அதே வருஷம் கம்பெனி ஒரு விஷப்பரீட்சையில் இறங்கியது. ஜெர்மனியிலிருந்து ஒரு பென்ஸ் எஞ்சினை வாங்கி, தன் குதிரை வண்டி ஒன்றில் பொருத்தி, ஒரு மோட்டார் வண்டி செய்தது. அதற்கு 'பிரசிடெண்ட்' என்று பெயர். இந்த வேலையில் கை கொடுத்தவர்களில் லெட்விங்காவும் ஒருவர். 1898 மே மாதம் அந்த வண்டியை வியன்னாவுக்கு ஓட்டிச் சென்றார்கள். தூரம் 328 கிலோமீட்டர். ஓடிய நேரம் பதினாலரை மணி. கணக்குப் போட்டால் மணிக்கு 22 கிலோமீட்டர். இன்று சைக்கிளில் போகிறவர்கூட அந்த வேகத்தில் போவார். அன்றைக்கு அது பெரிய சாதனை.

அந்தப் 'பிரசிடெண்ட்' வண்டியிலும் எஞ்சின் பின்னால்தான் இருந்தது. குதிரை வண்டியில் அதற்கு வேறு இடம் இல்லை. பிறகு உலகம் முழுவதும் எஞ்சின் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. அதை மறுபடி பின்னால் கொண்டுவர லெட்விங்காவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நடுவில் அவர் சில வருஷம் வியன்னாவுக்குப் போய் நீராவி வண்டி வேலை செய்தார். 1905-ல் திரும்பி வந்தார். முதல் உலக யுத்தத்தின்போது மறுபடி விலகி, ஆஸ்திரியாவிலுள்ள ஸ்டைர் கம்பெனிக்குப் போனார். ஸ்டைர் துப்பாக்கி செய்த கம்பெனி. யுத்தம் முடிந்தால் துப்பாக்கிக்கு என்ன மவுசு இருக்கும்? ஆகவே கார் செய்யத் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே லெட்விங்கா பணக்காரர்களுக்கு ஏற்ற கார்களைச் செய்து கொடுத்தார். நல்ல பெயரும் கிடைத்தது.

ஆனால் அவர் மனம் வேறு ஒன்றில் இருந்தது. சின்னக் கார், சாமானியர் வாங்கக்கூடிய கார், கரடுமுரடான சாலையிலும் போகக்கூடிய கார். இதை ஸ்டைர் நிர்வாகம் ஏற்கவில்லை. 1921-ல் அவர் தன் பழைய ஊருக்கே திரும்பிவிட்டார். அதற்குள் ராஜ்யம் உடைந்து செக்கோஸ்லோவாகியா என்ற புதிய நாடு பிறந்திருந்தது. கம்பெனியின் வண்டிகளுக்கு அந்த நாட்டு மலைத்தொடரின் பெயரான 'டாட்ரா' என்ற புதுப் பெயரும் வந்திருந்தது.

காருக்கு முதுகெலும்பு

1923-ல் டாட்ரா 11 என்ற கார் வெளிவந்தது. பார்வைக்கு அழகில்லாத கார். முன்பக்கம் மூடி, மூக்கு மழுங்கிய முகம். ஆனால் அதன் அடிவயிற்றில்தான் விஷயம் இருந்தது.

மற்ற கார்களுக்கு அடியில் ஏணி போன்ற ஒரு சட்டம் இருக்கும். இரண்டு நீண்ட இரும்புகள், குறுக்கே சில இரும்புகள். அதன் மேல் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். பள்ளம் மேடான சாலையில் அந்த ஏணி முறுக்கும், நெளியும். லெட்விங்கா அந்த ஏணியைத் தூக்கி எறிந்தார். நடுவில் ஒரே ஒரு உருக்குக் குழாய் போட்டார். குழாயின் முன்முனையில் எஞ்சின். பின்முனையில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி. எஞ்சினின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு அந்தக் குழாய்க்கு உள்ளேயே சுழலும். தூசி படாது, கல் படாது. மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, அப்படி அந்தக் காருக்கு அந்தக் குழாய்.

பின்சக்கரங்களையும் அவர் ஒரே அச்சில் கட்டவில்லை. இரண்டு பாதி அச்சுகள். பறவையின் இரண்டு சிறகுகளைப் போல ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றதுக்கு அதிர்ச்சி இல்லை. இந்த ஆடும் அச்சு லெட்விங்காவின் சொந்தக் கற்பனை அல்ல. எட்மண்ட் ரும்ப்ளர் என்பவர் அதற்கு முன்பே காப்புரிமை பெற்றிருந்தார். இந்த ரும்ப்ளரும் ஒரு காலத்தில் அதே நெஸல்ஸ்டார்ப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். ஆனால் குழாயையும் ஆடும் அச்சையும் சேர்த்து, மலிவான காரில் போட்டு, ஜனங்களிடம் விற்றுக் காட்டியவர் லெட்விங்கா.

எஞ்சினைக் குளிர வைக்க அவர் தண்ணீரையும் நம்பவில்லை. காற்றே போதும் என்றார். அந்த ஊர்ப் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சினே வெடிக்கும். மலை ஏறும்போது அதே தண்ணீர் கொதித்து ஆவியாகும். காற்று உறையவும் உறையாது, கொதிக்கவும் கொதிக்காது. ரேடியேட்டர் இல்லை, குழாய் இல்லை, ஒழுக்கு இல்லை. செலவும் மிச்சம்.

1925-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் நடந்த புகழ்பெற்ற டார்கா புளோரியோ பந்தயத்தில் இந்தச் சின்னக் கார்கள் தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. சிசிலியின் மலைச் சாலைகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர்கள் அந்த முதுகெலும்பின் அருமையை உணர்ந்தார்கள்.

எதிர்க்காற்றும் சைக்கிளும்

இப்போது மறுபடி அந்த 1934-ம் வருஷத்துக் காருக்கு வருவோம். அதன் உருவம் ஏன் அப்படி?

ஆடி மாதக் காற்றில் எதிர்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெல்ல மிதித்தால் காற்று அவ்வளவாகத் தெரியாது. வேகமாக மிதித்தால் மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். காருக்கும் அப்படியே. வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு ஆகிறது. அதை வெல்ல எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு ஆகிறது. சதுரப் பெட்டி போன்ற காருக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டுமானால் ராட்சத எஞ்சின் வேண்டும். பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும் எஞ்சின்.

இதற்கு இரண்டு வழி. எஞ்சினைப் பெரிதாக்குவது ஒன்று. காற்றை ஏமாற்றுவது மற்றொன்று. ஆற்றில் கெண்டை மீன் நீரை எதிர்த்துப் போகிறதே, அது பலத்தால் அல்ல, உருவத்தால்.

இந்த உருவத்தை ஆராய்ந்தவர் பால் ஜாரய். செப்பலின் ஆகாயக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆகாயக் கப்பலுக்குக் காற்றில் எந்த உருவம் நல்லது என்று பெரிய காற்றுக் கூண்டில் சோதித்துப் பார்த்தவர். அதே கணக்கைக் காருக்கும் போட்டார். 1920-களில் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அவர் சொன்ன உருவத்தில் தொடர்ந்து கார் செய்து விற்க யாருக்கும் துணிவு வரவில்லை. லெட்விங்காவின் டாட்ரா கம்பெனி அவரிடம் உரிமை பெற்றுக்கொண்டது. லெட்விங்காவின் கீழ் வேலை பார்த்த எரிக் ஊபெலாக்கர் என்ற பொறியியல் நிபுணர் வரைபடங்களைப் போட்டார்.

முகப்பு தாழ்வாக இருக்க வேண்டுமானால் எஞ்சின் அங்கே இருக்கக் கூடாது. வால் நீண்டு சரிய வேண்டும். அங்கே ஆள் உட்கார முடியாது, தலை இடிக்கும். ஆள் உட்கார முடியாத அந்த இடத்தில் எஞ்சினை வைத்தால் என்ன? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எஞ்சினும் பின்சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதால் நடுவே நீண்ட தண்டு தேவையில்லை. தரை தட்டையாயிற்று, இடம் தாராளமாயிற்று. எஞ்சினின் இரைச்சலும் புகை நாற்றமும் பின்னாலேயே போய்விட்டன. உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டு போகலாம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பின்னால் ஒளிந்திருக்கும் எஞ்சினுக்குக் காற்று எப்படிப் போகும்? காரின் இரு பக்கமும் பின் ஜன்னல்களுக்கு அப்பால் காது மடல் போன்ற திறப்புகள் வைத்தார்கள். அவை காற்றை வாங்கி உள்ளே அனுப்பின. விசிறிகள் அதை எஞ்சின் மேல் வீசின. வெப்பக் காற்று வால் பக்கத்து இடுக்குகள் வழியே வெளியேறியது. அந்த இடுக்குகளால் ஓட்டுபவருக்குப் பின்னால் வருவது சரியாகத் தெரியாது. அந்த வேகத்தில் போகிறவருக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

டாட்ரா 77 விலை உயர்ந்த கார். அதன் அடுத்த வடிவத்தையும் சேர்த்துச் சுமார் 250 கார்களே செய்யப்பட்டன. எடையும் அதிகம். வால் பக்கம் பாரம் கூடுதல். வளைவில் வேகமாகத் திருப்பினால் வால் வெளியே வீசும். ஆடும் அச்சு அதை இன்னும் மோசமாக்கும். பழகாதவர் கையில் அது ஆபத்தான வண்டி. இந்தக் குறையை மறைத்துவிட்டு லெட்விங்காவைப் புகழ்வது நியாயம் ஆகாது.

அவரும் குறையை உணர்ந்திருந்தார். அடுத்து வந்த டாட்ரா 87, எடையில் நானூறு கிலோ வரை குறைந்தது. முகப்பில் மூன்று விளக்குகளோடு, 75 குதிரை சக்தியில், மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடியது. 100 கிலோமீட்டருக்குச் சுமார் பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல்தான் குடித்தது. அந்தக் காலத்தில் அத்தனை வேகத்தில் போகக்கூடிய மற்ற பெரிய கார்களுக்கு அது போதவே போதாது. இதன் பிறகு டாட்ரா 97 என்ற தம்பி வந்தது. சிறிய உருவம், படுத்த வாக்கில் நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின், அதுவும் பின்னால்.

இந்தத் தம்பியால்தான் வம்பு வந்தது.

ஜனங்களின் கார்

பெரிய கார்களுக்கு முன்பே, 1931-லேயே, லெட்விங்காவின் பட்டறையில் ஒரு சின்னக் காரைச் சோதனைக்காகச் செய்து பார்த்தார்கள். எஞ்சின் பின்னால், காற்றால் குளிர்வது, இரண்டு சிலிண்டர். 1933-ல் அதற்கு உருண்டையான உடல் போட்டு இன்னொன்று செய்தார்கள். அந்த இரண்டாவது வண்டியின் படத்தை இன்று யாரிடம் காட்டினாலும், இது வோக்ஸ்வாகன் அல்லவா என்றுதான் கேட்பார்கள். வண்டு போன்ற அதே உருவம்.

கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. இப்படிப்பட்ட புதுமையை முதலில் பணக்காரர்களிடம் விற்றுப் பார்ப்போம், சாமானியர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். வியாபாரக் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் லெட்விங்கா இளமையிலிருந்து கண்ட கனவு அந்த முடிவோடு அலமாரிக்குப் போயிற்று.

அதே சமயத்தில் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஒவ்வொரு ஜெர்மன் குடும்பத்துக்கும் ஒரு மலிவான கார் வேண்டும் என்றார். 1934-ல் அந்த வேலை பெர்டினாண்ட் போர்ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்ஷேயும் பழைய ஆஸ்திரிய ராஜ்யத்தில் பிறந்தவர். லெட்விங்கா விட்டுப்போன ஸ்டைர் கம்பெனியில் 1929-ல் வேலை பார்த்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் நன்கு அறிவார்கள். ஹிட்லருக்கும் டாட்ரா கார்கள் பழக்கம். பெர்லின் மோட்டார் கண்காட்சியில் லெட்விங்காவிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்றும் சொல்வார்கள்.

போர்ஷே செய்த கார் வெளியே தெரிந்தபோது டாட்ரா கம்பெனிக்காரர்கள் அதிர்ந்தார்கள். படுத்த வாக்கில் நான்கு சிலிண்டர். காற்றால் குளிரும் எஞ்சின். அது பின்னால். நடுவில் முதுகெலும்பு. பின்னால் ஆடும் அச்சு. சரிந்த முதுகு. தங்கள் காப்புரிமைகள் மீறப்பட்டன என்று டாட்ரா உரிமை கோரியது.

போர்ஷே திருடினாரா? இதை ஒரே வார்த்தையில் தீர்த்துவிட முடியாது. போர்ஷேயும் 1930-களின் தொடக்கத்திலேயே வேறு இரண்டு ஜெர்மன் கம்பெனிகளுக்குப் பின்புற எஞ்சினோடு உருண்டையான சின்னக் கார்களைச் செய்து பார்த்திருந்தார். ஜோசப் கான்ஸ், பேலா பாரெனி போன்ற வேறு சிலரும் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கருத்து அப்போது காற்றிலேயே இருந்தது. தான் சில சமயம் லெட்விங்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததுண்டு, அவரும் தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததுண்டு என்று போர்ஷேயே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஆனாலும் ஒன்று நிச்சயம். இந்த அம்சங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, காரையும் செய்து, சாலையில் விற்றவர் லெட்விங்கா. போர்ஷேயின் காரை ஜெர்மன் மக்கள் வாங்கியதோ யுத்தம் முடிந்த பிறகுதான்.

நியாயம் யார் பக்கம் என்பதைக் கோர்ட்டு சொல்ல வேண்டும். கோர்ட்டுக்கு முன்பே பட்டாளம் வந்துவிட்டது.

1938-ம் வருஷம் மே மாதம் ஹிட்லர் வோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். அதே வருஷம் அக்டோபரில், ம்யூனிக் ஒப்பந்தத்தின்படி, கொப்ரிவ்நிட்சே ஊர் ஜெர்மனிக்குப் போயிற்று. வழக்குப் போட்ட கம்பெனியே எதிராளியின் கைக்குள் வந்துவிட்டது! உரிமைப் பேச்சு அடங்கியது. ஜனங்களின் காருக்குப் போட்டியாக வந்திருக்கக்கூடிய டாட்ரா 97 நிறுத்தப்பட்டது. அதுவரை செய்யப்பட்டவை 500-க்குச் சற்று அதிகம்.

டாட்ரா 87-ஐ மட்டும் ஜெர்மானியர் நிறுத்தவில்லை. அவர்கள் புதிதாகப் போட்ட நீண்ட நேர் சாலைகளுக்கு அது பொருத்தமாக இருந்தது. அதிகாரிகள் அதில் பறந்தார்கள். வளைவில் அது சிலரைக் குப்புறக் கவிழ்த்தது. அதனால் இந்தக் காரைச் செக் நாட்டின் இரகசிய ஆயுதம் என்று வேடிக்கையாகச் சொல்லும் கதை இன்றும் வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் காரின் வால் வீசும் என்பது உண்மை.

சிறை

யுத்த காலம் முழுவதும் லெட்விங்கா தொழிற்சாலையிலேயே இருந்தார். டாட்ரா 111 என்ற கனரக லாரி 1942-ல் வெளிவந்தது. 12 சிலிண்டர் டீசல் எஞ்சின். அதுவும் காற்றால் குளிர்வது. ஜெர்மன் ராணுவத்துக்குத்தான் அது போயிற்று. தொழிற்சாலை அவர்கள் கையில் இருக்கும்போது வேறு எங்கே போகும்?

1945-ல் யுத்தம் முடிந்தது. ஜெர்மானியர் போனார்கள். கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. லெட்விங்கா ஜெர்மன் மொழி பேசும் ஆஸ்திரியர். எதிரிக்கு லாரி செய்து கொடுத்த தொழிற்சாலையின் தலைமை நிபுணர். எதிரியோடு ஒத்துழைத்தார் என்று குற்றம் சாட்டி அவரைச் சிறையில் போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 67.

ஆறு வருஷம் சிறைவாசம். அந்த ஆறு வருஷத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள்.

1947-ல் ஹன்ஸெல்கா, ஸிக்முண்ட் என்ற இரண்டு செக் இளைஞர்கள் ஒரு வெள்ளி நிற டாட்ரா 87-ல் ஏறி உலகப் பிரயாணம் புறப்பட்டார்கள். ஆப்பிரிக்காவின் பாலைவனங்கள், தென் அமெரிக்காவின் மலைகள் என்று 1950 வரை சுற்றினார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் கேட்காத எஞ்சின் அவர்களைக் காப்பாற்றியது. அவர்கள் அனுப்பிய பிரயாணச் செய்திகளைச் செக் நாட்டில் சிறுவர் முதல் கிழவர் வரை வானொலியில் கேட்டு மகிழ்ந்தார்கள். அந்தக் கார் நாட்டின் பெருமை ஆயிற்று. காரைச் செய்தவர் அதே நாட்டின் சிறையில் இருந்தார்.

அதே வருஷங்களில் ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் தொழிற்சாலை இடிபாடுகளிலிருந்து எழுந்தது. வண்டு போன்ற கார்கள் வரிசையாக வெளிவந்தன. முதலில் ஆயிரக்கணக்கில், பிறகு லட்சக்கணக்கில்.

1951-ல் லெட்விங்கா விடுதலை ஆனார். வயது 73. ஐம்பது வருஷத்துக்கு மேல் தொடர்பு வைத்திருந்த ஊரை விட்டு வெளியேறினார். முதலில் ஆஸ்திரியாவுக்குப் போனார். பிறகு ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் குடியேறினார். அந்த வயதில் புதிதாக என்ன தொடங்க முடியும்? ஆலோசனை சொல்லிக்கொண்டும், சாலையில் போகும் வோக்ஸ்வாகன்களைப் பார்த்துக்கொண்டும் காலம் தள்ள வேண்டியதாயிற்று.

அடங்கிக் கிடந்த வழக்கும் யுத்தத்துக்குப் பிறகு உயிர் பெற்றது. டாட்ராவின் பழைய உரிமையாளர்களான ரிங்ஹோபர் தரப்பினர் விடாமல் வாதாடினார்கள். 1960-களில் வோக்ஸ்வாகன் கம்பெனி கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டு 10 லட்சம் ஜெர்மன் மார்க் கொடுத்தது. கொடுத்தது கம்பெனிக்கு. காப்புரிமை எல்லாம் கம்பெனியின் சொத்து; பென்சில் பிடித்தவரின் சொத்து அல்ல.

1967-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி ம்யூனிக் நகரத்தில் ஹான்ஸ் லெட்விங்கா காலமானார். வயது 89.

மகன் கையில்

தந்தையின் கலை குடும்பத்தை விட்டுப் போகவில்லை. மகன் எரிக் லெட்விங்கா, தந்தையோடு சின்னக் கார் சோதனைகளில் ஈடுபட்டவர். யுத்தத்துக்குப் பிறகு ஆஸ்திரியாவில் ஸ்டைர்-டைம்லர்-புக் கம்பெனியில் சேர்ந்தார். 1959-ல் ஹாப்லிங்கர் என்ற சின்ன மலை வண்டியைக் கொண்டுவந்தார். அதில் என்ன இருந்தது? நடுவில் குழாய், இரு பக்கமும் ஆடும் அச்சு, காற்றால் குளிரும் எஞ்சின், அது பின்னால். ஆட்டுக்குட்டி ஏறும் பாறையில் எல்லாம் ஏறும் வண்டி என்று ஆல்ப்ஸ் மலை விவசாயிகளும் ராணுவத்தாரும் அதை வாங்கினார்கள்.

வெளியுலகத்தில் பின்புற எஞ்சின் ஒரு பெரிய பரம்பரையாகப் பெருகியது. வோக்ஸ்வாகனின் வயிற்றிலிருந்து போர்ஷே பந்தயக் கார்கள் பிறந்தன. இத்தாலியிலும் பிரான்சிலும் சாமானியர்களின் கார்களில் எஞ்சின் பின்னால் போயிற்று. அமெரிக்காவில் செவர்லே கம்பெனிகூட 1960-ல் கார்வேர் என்ற காரைக் காற்றால் குளிரும் பின்புற எஞ்சினோடு கொண்டுவந்தது. குணத்தோடு குறையும் வந்தது. ஆடும் அச்சு, பாரமான வால், வளைவில் வீச்சு. கார்வேரின் இந்தக் குறையை ரால்ப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965-ல் புத்தகம் போட்டு வெளுத்துக் கட்டினார். அமெரிக்காவில் மோட்டார் பாதுகாப்புச் சட்டம் வர அந்தக் கிளர்ச்சி பெரிய காரணம் ஆயிற்று.

வண்டு வோக்ஸ்வாகன் 2003-ல் மெக்சிகோ நாட்டில் நிறுத்தப்படும்வரை 2 கோடியே 15 லட்சம் கார்கள் வெளிவந்தன. டாட்ரா 87 மொத்தமே மூவாயிரம் சொச்சம்.

1979-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய டாட்ரா 87 ஒன்றைக் காற்றுக் கூண்டில் நிறுத்திச் சோதித்தார்கள். கூண்டு யாருடையது தெரியுமா? வோக்ஸ்வாகன் கம்பெனியுடையது! காற்றின் எதிர்ப்பைக் குறிக்க ஒரு எண் உண்டு. எண் சிறுத்தால் உருவம் நல்லது என்று பொருள். வண்டு காரின் எண் 0.48. நாற்பது வருஷத்துக்கு முந்திய டாட்ராவுக்குக் கிடைத்தது 0.36.

செக்கோஸ்லோவாகியாவில் ஆட்சி மாறிய பிறகு, 1992-ல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லெட்விங்காவின் மேல் இருந்த பழியைத் துடைத்தது. அவர் இறந்து 25 வருஷம் ஆகியிருந்தது. இரண்டு இளைஞர்கள் உலகம் சுற்றிய அந்த வெள்ளி நிறக் கார் பிராக் நகரத் தேசியத் தொழில்நுட்பக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு டாட்ரா 87, அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் கலைக்கூடத்தில், ஓவியங்களோடும் சிற்பங்களோடும் இடம் பெற்றது.

டாட்ரா கம்பெனி கார் செய்வதை 1999-ல் நிறுத்திவிட்டது. லாரி செய்வதை நிறுத்தவில்லை. இந்திய ராணுவமும் 1980-களிலிருந்து பெங்களூரிலுள்ள பி.இ.எம்.எல். நிறுவனத்தின் மூலம் டாட்ரா லாரிகளை வாங்கியது. குடியரசு தின அணிவகுப்பில் ஏவுகணைகளையும் ராக்கெட்டுகளையும் சுமந்து வந்த எட்டுச் சக்கர லாரிகளைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பள்ளத்தில் இறங்கும்போது அதன் சக்கரங்கள் கால் மடக்குவது போலத் தனித்தனியே சாயும். அதன் அடியில் குனிந்து பார்த்தால் ஏணிச் சட்டத்தோடு நடுவில் ஒரு பருத்த உருக்குக் குழாயும் ஓடும். 1923-ல் லெட்விங்கா சின்னக் காருக்குப் போட்ட அதே முதுகெலும்பு.